நீ கழற்றிக் கொடுத்த கைரேகை மிஷின்

இன்று காலை பென்ஷன் புத்தகத்தை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் உன் கைக்குட்டையில் சுற்றிய கைரேகை மிஷின் கையில் தட்டுப்பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மேல் கண்ணாடியில் யாருடைய விரல் அழுக்கோ இன்னும் ஒட்டியிருக்கிறது. நான் துடைக்கவில்லை.

ஐப்பசி வந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சர்க்காருக்குக் காட்ட வேண்டிய மாதம். வாய்க்கால் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் விட்டுப்போன பென்ஷனுக்காக, அவர் போனதிலிருந்து வருசா வருசம் உன் கடையில்தான் விரல் வைத்தேன். முதல் தடவையில் வாங்கவே வாங்காது. திராட்சைக் கொடி கட்டியும், அதற்கு அடிக்கிற மருந்துக்கு மயில்துத்தம் கரைத்தும் ரேகை தேய்ந்துபோன விரல். நீ ஈரத்துணியால் துடைத்து, உன் கையாலேயே அழுத்திப் பிடிப்பாய். பச்சை விளக்கு எரிந்ததும் முதுகில் ஒரு தட்டு. "போடி, இன்னும் ஒரு வருசத்துக்கு நீ இருக்க."

ஐந்தாவது வரை நாம் ஒரே பெஞ்சு. நான் அதோடு தோட்ட வேலைக்குப் போனேன். நீ டைப்பிங் வரை படித்தாய், வக்கீல் ஆபீசுக்குப் போனாய், பிறகு காமயகவுண்டன்பட்டி பஸ் ஸ்டாப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்தாய். ஊரே உன் கடை வாசலில் நின்றது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. உன்னிடம் அதைச் சொன்னதில்லை.

போன வருசம் புரட்டாசியில் சரஸ்வதி பூஜை லீவுக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்தாள். கம்ப்யூட்டருக்குள் ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை என்று உனக்கே நூறு தடவை சொல்லியிருப்பேன். ஏதோ பிரிண்ட் எடுக்க உன் கடைக்கு வந்தவள், வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். மிஷினையும் கம்ப்யூட்டரையும் பேச வைப்பதற்கு டிரைவர் என்று ஒன்று உண்டாம். வீட்டில் சாமி அறை வரைக்கும் போகிற உரிமை உள்ள ஆள் மாதிரி அது. உன் பழைய மிஷினின் டிரைவரில் ஓட்டை. செய்த கம்பெனி அடைத்துத் தரவில்லை. கம்ப்யூட்டரே அதை உள்ளே விடமாட்டேன் என்று தடுத்திருக்கிறது. நீ அந்தக் காவலை அணைத்துவிட்டு உள்ளே விட்டிருக்கிறாய். "வெவரம் தெரிஞ்சவன் எவனாச்சும் அது வழியா வந்துட்டா, கம்ப்யூட்டர் மொத்தமும் அவன் கையில, அம்மாச்சி. அவங்ககிட்ட தனியாச் சொல்லுங்க."

தனியாக. அந்த ஒரு சொல்லைத்தான் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் உன் கடையில் கூட்டம். வாசலில் நின்றே சொன்னேன்: "அடியே, ஒன் கம்ப்யூட்டருல ஓட்டையாம்ல! எம் பேத்தி பாத்த ஒடனே கண்டுபிடிச்சுட்டா. எல்லாரு ஆதாரையும் எவனோ அள்ளிட்டுப் போயிருவானாம்!"

நீ சிரித்தாய். "பாருங்கடி, அஞ்சாப்பு இஞ்சினியரு வந்துருக்காக."

அதற்குள் ஒருத்தி கையை நீட்டிவிட்டாள். "எங் கார்டைக் குடு ஆத்தா. நான் கம்பம் டவுன்ல பாத்துக்கிறேன்." அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். உன் சிரிப்பு அப்படியே நின்றது. அறுபது வருசத்தில் முதல் தடவையாக உன்னைவிட ஒரு படி மேலே நின்றேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஐப்பசியில் நான் வரும் வரைக்கும் நீ பேசவில்லை. மேசையில் புது மிஷின் இருந்தது. "ஓட்டை இல்லாதது. வையி வெரல." ஈரத்துணி, எண்ணெய், வலது, இடது. ஏழு தடவையும் சிவப்பு விளக்கு. நீ எழுந்து ஷட்டரை இறக்கினாய். "வா. கம்பத்துல கண்ணு பாக்குற மிஷின் இருக்கு." வியாபார நேரத்தில் நீ கடையடைத்து நான் பார்த்ததில்லை.

டவுன் பஸ்ஸில் சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஒம் பேத்தி சொன்னது சரிதான்டி. நான் தெரிஞ்சேதான் அணைச்சேன். ஒங்க தேஞ்ச வெரலுகள அந்தப் பழசு ஒண்ணுதான் வாங்குச்சு. நீ சொன்ன எடந்தான் தப்பு."

அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ கண்டக்டர் கொடுத்த இலவசச் சீட்டைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பத்தில் கண்ணைக் காட்டி வேலை முடிந்து திரும்பி வந்ததும் இந்தப் பழைய மிஷினை என் மடியில் போட்டாய். "எங்கயும் சொருகிறாத. சும்மா வச்சுக்க." தை மாதம் நெஞ்சுவலி என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நீ திரும்பவில்லை. அன்று கார்டை வாங்கிப் போன மூன்று பேரும் அதன் பிறகு கடைப்பக்கமே வரவில்லை என்று உன் மகன் சொன்னான். என்னைக் குற்றம் சொல்லவில்லை. வெறுமனே சொன்னான்.

இன்று கம்பத்துக்குத் தனியாகப் போனேன். பக்கத்து இருக்கை காலி. இ-சேவை மையத்தில் ஒரு பெண், "கண்ணைச் சிமிட்டாதீங்க பாட்டி," என்றாள். ஒரே தடவையில் வாங்கிக்கொண்டது. தாளை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். முதுகில் ஒன்றும் விழவில்லை.

திரும்பி வந்து பஸ் ஸ்டாப்பில் இறங்கி, உன் ஷட்டர் முன்னால் நின்றேன். சுற்றிலும் ஒருவரும் இல்லை. பேத்தி சொன்ன மாதிரி தனியாகவே சொன்னேன்: "தப்புதான்டி."

பிறகு, "போடி, இன்னும் ஒரு வருசத்துக்கு நீ இருக்க" என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.