நாற்பது வெள்ளி

ஜெலுத்தோங்,
3 மார்ச் 2025

அன்புள்ள ருக்குமணிக்கு,

நலம்தானே? ஆறு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். பேரன் கபிலன் உங்கள் பக்கம் வருகிறான்; ஒரு பிஸ்கட் டின் கொடுத்தனுப்புகிறேன். உன் அண்ணாவுடையது. அலமாரியைத் துப்புரவாக்கும்போது அகப்பட்டது.

உள்ளே இருப்பவை அமெரிக்கக் கால் டாலர் காசுகள். 1964 வரை அடித்தவை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பிறகு வந்தவற்றின் விளிம்பில் செம்புக் கோடு தெரியும். இவற்றில் ஒன்றிலும் இல்லை. காசாக மாற்றினால் ஒன்றுக்கு ஒரு ரிங்கிட். வெள்ளியாக விற்றால் இருபதுக்கு மேல். ஏமாந்துவிடாதே.

ஆஸ்பத்திரியில் உன் அண்ணா, "ருக்குமணிக்கு நாப்பது வெள்ளி வச்சிருக்கிறன், குடுத்துவிடு" என்றார். நம்மூரில் ரிங்கிட்டுக்கும் வெள்ளி என்றுதானே பெயர். அவர் போன எட்டாம் நாள் உன் கையில் நான்கு பத்து ரிங்கிட் தாள்களை வைத்தேன். தவறுதான்.

இப்படிக்கு,
கமலாம்பிகை


தாசேக் கெலுகோர்
9.3.2025

என் அன்பு மச்சாளுக்கு,

டின் வந்தது. கபிலன் வாசலில் நின்றபடியே தந்துவிட்டு ஓடப் பார்த்தான். பிடித்து உட்காரவைத்துத் தோசை கொடுத்தேன்.

ஒவ்வொன்றாகத் தரையில் தட்டிக் கேட்டேன். துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது அண்ணா அப்படித்தான் செய்வார், கப்பல்காரரிடம் வாங்கி வந்து. "மணி மாதிரிக் கேட்டால் வெள்ளி. உன்ர கொலுசுக்கு" என்பார். எழுபத்தாறு வயதில் கொலுசு போட்டால் வீட்டுப் பூனையும் சிரிக்கும்லா.

மச்சாள், உங்கள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் இல்லை. அண்ணாமேல்தான். கூடப்பிறந்தவளுக்கு நாற்பது ரிங்கிட்டா என்று. அந்தக் கோபத்தில் அவருடைய திவசம் ஒன்றுக்கும் வரவில்லை. ஆறு திவசம். நீங்கள் தெரியாமல் செய்ததற்கு என்ன செய்வது.

எண்ணினால் முப்பத்தொன்பதுதான் இருக்கிறது. ஒன்று அலமாரிக்குக் கீழே உருண்டிருக்கும், பாருங்கோ.

உங்கள்
ருக்கு


ஜெலுத்தோங்,
14 மார்ச் 2025

ருக்குமணி,

அலமாரிக்குக் கீழே தேட வேண்டியதில்லை.

டின் இப்போது அகப்பட்டதல்ல. முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அகப்பட்டது. எண்ணினேன், நாற்பது. வெள்ளிதானா என்று அறிய ஒன்றைச் சூலியா தெரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் விளிம்பைப் பார்த்தார், தராசில் வைத்தார். "பழைய வெள்ளிதாம்மா, மிச்சத்தையும் கொண்டாங்க" என்றார். அதை வாங்கிக்கொண்டு அன்றைய விலைக்குப் பத்து ரிங்கிட் தந்தார்.

அன்றே எழுதியிருக்கலாம். பிறர் பேச்சில் பிழை பிடித்தே வாழ்ந்தவள் நான். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. உன் கோபம் என்னோடு என்றே நினைத்திருந்தேன். அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவரோடு என்று நினைக்கவேயில்லை.

நான் படித்த கான்வென்டில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் உள்ளே போவார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருப்போம். இதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கடைச் சீட்டு இத்துடன் இருக்கிறது. தேதியைப் பார். பிறகு உன் அண்ணாவுக்கு ஒரு விளக்கு ஏற்று. கோபத்தை என் விலாசத்துக்கு அனுப்பு. விலாசம் மாறவில்லை.

கமலாம்பிகை