பிள்ளையார்பாளையத்துக்கு ஒரே வரி

வைகாசி 9, செவ்வாய்

காலையிலேயே வெயில். பிள்ளையார்பாளையம் தறிக்கூடத்து ரவுட்டர் மறுபடி நின்றுவிட்டது. இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. பழைய பெட்டி, மெமரி போதவில்லை. புதுசு கிடையாது என்றார் மேனேஜர். என் மூன்று மாத டிரயல் சனிக்கிழமை முடிகிறது. அதற்குள் கடை நேரத்தில் நெட் நின்றால் வேலை சென்னைக் கம்பெனிக்காம்.

பெட்டிக்குள் பார்த்தேன். வழிகள் 412. கூரியர், பேங்க், மற்ற ஊர்க் கடைகள், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. ஆனால் வெளியே போக இருப்பது ஒரே கேபிள், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பட்டுக் கடைக்கு. பிறகு இத்தனை வரி எதற்கு?

வைகாசி 10, புதன்

மதியம் முழுக்கப் படிப்பு. சாப்பாடு மறந்தேபோச்சு. ஸ்டப் ஏரியா என்று ஒரு செட்டிங். வெளி வழிகளை உள்ளே விடாது. பதிலுக்கு, ‘தெரியாததெல்லாம் இங்கே தள்ளு’ என்று ஒரே வரி. டிஃபால்ட் ரூட். குறைவாகத் தெரிந்தால் நன்றாக ஓடுமா? பார்த்தே ஆகணும்.

நாளை கருட சேவை, பன்னிரண்டு வரை கடை திறக்காது, அப்போது செய் என்றார் மேனேஜர்.

பால். ஸ்கூட்டர் பஞ்சர். அம்மா மாத்திரை.

வைகாசி 11, வியாழன்

கடை வாசலில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். 9.40க்கு எங்கள் கடை ரவுட்டரில் ஸ்டப் என்று அடித்தேன். உடனே தறிக்கூடம் காணோம். இரண்டு பக்கமும் ஸ்டப் என்றால்தான் ஒன்றோடொன்று பேசும். தூரத்தில் இருக்கும் தறிக்கூடத்தை முதலில் மாற்றியிருக்கணும். என் பக்கத்தைத் திருப்பி மாற்றிப் பார்த்தேன், அந்தப் பழைய பெட்டி பிடிக்கவே இல்லை. போக இருந்த ஒரே வழியை நானே வெட்டிக்கொண்டேன். மடச்சி.

நேரில் போகலாம் என்றால் தெருவில் சைக்கிள்கூட நகராது. தறிக்கூடத்தில் ஸ்டாக் பார்க்கும் மேகலா அக்காவுக்குப் போன் போட்டேன்.

“இதுல கைய வெச்சா வேல போயிடும்னு சார் சொல்லிக்கீறாரும்மா.”

“வைக்கலன்னா எனக்குப் போயிடும்க்கா.”

அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அங்கே பெட்டியோடு சேர்த்த கம்ப்யூட்டரில் அடித்தார். 11.25க்கு வந்துவிட்டது. 412 போய் 23. அதில் ஒன்று டிஃபால்ட். தனியாகச் சிரித்தேன்.

உங்க கடையிலேயே நெட் போனா அந்த ஒத்த வரி இன்னா பண்ணும் என்று அக்கா கேட்டார். தெரியவில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை?

வைகாசி 12, வெள்ளி

மேகம். கடை திறக்குமுன் எங்கள் கடைக்கு வரும் நெட் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். தறிக்கூடத்துப் பெட்டியில் அந்த வரி அப்படியே இருக்கிறது. எங்களிடம் ஒன்றுமே இல்லாதபோதும் ‘இங்கே தள்ளு’ என்றுதான் சொல்கிறது. அடேயப்பா. அக்காவிடம் சொல்லப் போன் செய்தேன்.

அவர் வேறொன்று சொன்னார். நேற்று லைன் அறுந்த மெசேஜ் மேனேஜருக்குப் போயிருக்கிறது. அவர் அக்காவிடம் கேட்டதற்கு, “கரண்ட் போச்சுன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லுமா.”

நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது. உண்மையைச் சொன்னால் அக்கா பொய் சொன்னதாக ஆகும்.

வைகாசி 13, சனி

காலையில் மேனேஜர் கூப்பிட்டார். கரண்டாமே என்றார். இல்லை சார், நான் வரிசை மாற்றிச் செய்துவிட்டேன், அக்காதான் சரி செய்தார், என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார், அவரை ஒன்றும் சொல்லாதீர்கள் என்றேன்.

“எங்க வூடு தறிக்கூடத்துக்கு அடுத்த தெருதாம்மா. அன்னிக்கிக் காலைல பூரா ஃபேன் சுத்திக்கினுதான் இருந்துச்சு” என்றார்.

என் வேலை நிரந்தர ஆர்டர் மேசை மேலேயே இருந்தது. கையெழுத்துப் போடப் பேனா தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.