கூடையில் மேலே கிடந்த துணி

மச்சான்,

இன்று காலை துணிக்குக் குறி போடும்போது சேங்கொட்டை மை தெறித்துக் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது. அந்த நெடி மூக்கில் ஏறியதும் மைக்குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். எரிச்சலாக்கும் என்று உன் தங்கை தேங்காயெண்ணெய் தடவினாள். எரிச்சல் இல்லை, பயம். நீ கண்ணை மூடி நாற்பது நாள் ஆகிறது. எனக்கு இன்னும் உன்னிடம்தான் பயம்.

போன வாரம் நம் சலவைச் சங்கத்துப் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, நீ எப்படித் தலைவரானாய் என்று கதை கேட்டார்கள். ஆற்றில் துணி துவைத்தவன் வெள்ளைக்காரத் துரைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்த கதை வேண்டுமாம். பாதியைச் சொன்னேன். மீதியை உனக்கு எழுதுகிறேன்.

ஆயர் ஈத்தாம் ஆற்றில் நமக்கெல்லாம் ஆளுக்கொரு துவைகல். கல் இருந்தால் சோறு. அதை யாருக்குத் தருவது என்பது பழைய தலைவர் கையில் இருந்தது. எதிர்த்துப் பேசிய ஒருவரின் கல்லை அவர் பிடுங்கினார். அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போனதை நாம் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உனக்கு முகம் சிவந்தது. அந்த வருஷமே தலைவர் பதவிக்கு நிற்கப்போகிறேன் என்றாய். பைத்தியமா உனக்கு என்று கத்தினேன்.

கை தூக்கச் சொன்னால் ஒருவனும் தூக்கமாட்டான் என்று உனக்குத் தெரியும். அதனால் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியாதபடி ஒரு வழி செய்தாய். ஆளுக்கொரு துண்டுத் துணி. அவருக்கு என்றால் வட்டம், உனக்கு என்றால் கோடு. சேங்கொட்டை மையால் போட்டு, மடித்து, கூடையில் போட்டுவிட வேண்டும். வெள்ளாவிக் கொட்டகைக்குப் பின்னால் ஒவ்வொருவராகப் போனோம். நான் கடைசி. உன் தங்கையையும் நாலு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டேன். வட்டம் போட்டேன், மச்சான்.

நம் தொழில் புத்தி அன்று நம்மைக் கவிழ்த்தது. வெள்ளாவியில் துணி கலந்துவிடக் கூடாதென்று, எந்தக் குறி போட்டாலும் அதன் கீழே வெளுப்பவன் தன் சொந்தக் குறியையும் போடுவான் அல்லவா? அன்றும் எல்லார் கையும் தானாகவே போட்டுவிட்டது. எண்ணுவதற்கு நீ முதல் துணியைப் பிரித்தாய். மேலே கிடந்தது என்னுடையது. வட்டம், அதன் கீழே என் மூன்று புள்ளி. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்த பிறகுதான் என் கை செய்த வேலை எனக்கு உறைத்தது. அடுத்ததைப் பிரித்தாய், அதற்கடுத்ததையும். யார் யார் எந்தப் பக்கம் என்று உனக்குப் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

பழைய தலைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, கூடையை இங்கே கொண்டு வா என்று கை நீட்டினார். நீ அதை வெள்ளாவி அடுப்பில் கவிழ்த்தாய்.

"எண்ண வேணாங்க. நான் தோத்துட்டேன். நீங்களே இருங்க."

"பயந்துட்டான்லா" என்று அவர் சிரித்தார். உனக்குக் கோடு போட்டவர்களே உன்னைத் திட்டினார்கள். மறுநாளே உன் கல் போயிற்று. கீழே சாக்கடை சேரும் இடத்தில் முழங்கால் சேற்றில் நின்று துவைத்தாய். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட நான் அஞ்சினேன்.

பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொருவனுக்கும் தன் கை என்ன செய்தது என்று நினைவு வந்தது. அந்தக் கூடை அவர் கைக்குப் போயிருந்தால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும் என்று குசுகுசுத்தார்கள். அடுத்த வருஷம் துணியும் இல்லை, கூடையும் இல்லை. பட்டப்பகலில், அவர் முகத்துக்கு நேரே, அத்தனை கையும் உனக்காக மேலே போயிற்று. என் கையும்தான். அப்படித்தான் நீ தலைவரானாய்.

ஆனதும் மேட்டுக் கல்லை, தெளிந்த தண்ணீர் வரும் கல்லை, எனக்குத் தந்தாய். எனக்கு எதற்கு என்று கேட்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"உனக்குப் பிள்ளைங்க நெறைய இருக்கில்ல, மச்சான்" என்றாய்.

அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் நீ வாய் திறக்கும்போது நான் தரையைப் பார்த்தேன். அந்த வட்டத்தைப் பற்றி என்றைக்காவது கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம், பாவி.

நேற்று சங்கத்தில் உன் பதவியை என்னை ஏற்கச் சொன்னார்கள். ஆரம்பத்திலிருந்தே உன் பக்கம் நின்றவன் நான்தானாம். முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று ஒருவர் கண் கலங்கினார். நான் அதையும் மறுக்கவில்லை.