தலைவர் வந்தாச்சா

ஜூன் 3

அன்புள்ள புலிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன் என்று எழுத ஆசைதான். வந்து சேர்ந்தேன், அவ்வளவுதான். உன் அண்ணன் என்னை ஒரு பார்சல் மாதிரி கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவர் மேல் குறை சொல்ல என்ன இருக்கிறது. கைபேசியை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். இந்த மையத்தில் திரை என்று ஒன்றுமே கிடையாது. வீட்டோடு பேச வேண்டுமானால் காகிதம்தான். கடிதங்களைப் பிரித்துப் படிக்க மாட்டோம் என்கிறார்கள், அந்த மரியாதையாவது இருக்கிறது.

என் அறையில் இன்னொருவர் இருக்கிறார். இணையத்தில் சீட்டாடிச் சீரழிந்தவர். ரம்மிக்காரர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார். சாப்பிடும்போதுகூட அவர் கட்டைவிரல் சீட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

நீ வாசலில் நின்று சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "சரியாகி வந்தா ரெண்டு பேரும் இந்த வீட்டுல இருப்போம். இல்லேன்னா நான் இருக்க மாட்டேன்." சரியாகித்தான் வருவேன். நம்பு.

ஒரே ஒரு உதவி. திட்டாதே. என் கோட்டை விளையாட்டில் தினமும் ஒருமுறை உள்ளே போய் விளக்கேற்ற வேண்டும். ஒருநாள் தவறினாலும் விளக்கு அணைந்துவிடும். இத்தனை வருடமாக ஏறிய படியெல்லாம் சரிய ஆரம்பிக்கும், என் அணியும் கலைந்துபோகும். திரும்பி வந்து ஆடப்போவதில்லை, சத்தியமாக. அது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் இங்கே மனசு ஒரு நிலையில் நிற்கும், அவ்வளவுதான். உள்ளே போ, விளக்கைத் தொடு, வெளியே வா. ஒரு நிமிட வேலை. யாராவது பேச்சுக் கொடுத்தால் நான்தான் என்றே நினைத்துக்கொள்ளட்டும். நான் இங்கே கிடக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிந்தால் கூச்சமாக இருக்கும்.

உன்
லொடுக்கு


ஜூன் 11

லொடுக்குக்கு,

குடியை விடப் போனவன், பாட்டிலை மட்டும் தினமும் ஒருமுறை திறந்து மூடு என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போன கதையாக இருக்கிறது உன் உதவி. கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன். உன் விளக்கை ஏற்றித் தொலைத்தேன், போதுமா?

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதுவா விளையாட்டு? உள்ளே நுழைந்ததும் ஒரு பெட்டி துள்ளிக் குதித்து என்னைத் திற என்கிறது. திறந்தால் பட்டாசு, பொற்காசு, பாராட்டு. எதற்கு? வந்ததற்கு. நம் காலத்தில் எந்த விளையாட்டு வந்தவனுக்குப் பரிசு கொடுத்தது? பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீடியோ கேம் கடையில் பெட்டிக்குள் காசு போட்டால் மூன்று உயிர். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒருவன் சொல்ல மாட்டான். பள்ளத்தில் விழுந்து செத்தால், அங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். எதிரி எப்போதும் அதே இடத்திலிருந்துதான் வருவான், அதே வேகத்தில். தோற்றால் தப்பு நம்முடையது. வென்றாலும் வெற்றி நம்முடையது. அந்த நேர்மைக்காகத்தான் அத்தனை பையன்களுக்கு நடுவில் இடித்துக்கொண்டு நின்று ஆடினேன். புலி என்று பெயரும் வாங்கினேன். கைப்பிடியைப் பிடுங்கிக் கையோடு கொண்டுவருகிற மாதிரி ஆட்டி நீ வாங்கிய பெயரும் ஞாபகம் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட, அந்த விளையாட்டுகள் முடிந்தன. கடைசி அரக்கன் விழுவான், செய்தவர்களின் பெயர்கள் மேலே போகும், படம் நிற்கும். கிளம்பு, வீட்டுக்குப் போ என்று பெட்டியே சொல்லிவிடும். உன் கோட்டைக்கு முடிவே கிடையாது. ஆடுபவன் முடிந்துபோவான், அது முடியாது. இந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன்.

பட்டறையில் வேலை அதிகம். ஒரு வாத்தியாருக்கு மேல்வரிசைப் பல்செட் முழுசாகச் செய்கிறேன். மெழுகில் செதுக்கி முடித்தபோது, மனுஷனுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று பல் டாக்டர் சொன்னார். உனக்குப் பிடித்த சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். சரியாகி வா.

புலி


ஜூன் 19

அன்புள்ள புலிக்கு,

உன் திட்டைப் படித்துவிட்டுத்தான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். இங்கே துணி மூட்டை ஏற்றும் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. நான் லிஃப்ட் மெக்கானிக் என்று தெரிந்ததும் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் ஓட வைத்துவிட்டேன்.

பழைய விளையாட்டு நேர்மையானது என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் ஆள் கிடையாது, புலி. நீ போட்ட காசு தீர்ந்தால் அந்தப் பெட்டிக்கு நீ யாரோ. கோட்டையில் நான் ஒருநாள் தாமதமானால் தேடுகிறார்கள். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது, படிநிலை இல்லை. இதை இங்கே ஆலோசகரிடம் சொன்னேன். "உங்க வீட்டுல உங்களைத் தேடலையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விளக்கு எரிகிறதா?

உன்
லொடுக்கு


ஜூலை 2

லொடுக்குக்கு,

எரிகிறது.

திங்கட்கிழமை விளக்கை ஏற்றிவிட்டு வெளியே வரப் போனேன். "தலைவர் வந்தாச்சா" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பட்டறையிலிருந்து வந்தால் இந்த வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சும்மா இருக்க மனசு வராமல் வந்தாச்சு என்று அடித்தேன். உடனே ஆளாளுக்குக் குவிந்துவிட்டார்கள். ஏன் பேசவில்லை, உடம்புக்கு ஏதாவதா, வீட்டில் எல்லாரும் நலமா என்று ஒரே விசாரிப்பு.

அப்புறம் உன் பழைய பேச்சையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. உன் அணியில் இருக்கும் ஒரு செவிலிப் பெண்ணுக்குத் தேர்வு என்று நீ வாரம் முழுவதும் அவளை எழுப்பிவிட்டிருக்கிறாய். ஒரு பையனின் அப்பா இறந்தபோது, பேச வேண்டாம், சும்மா கூட இரு, நானும் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இன்னொருவனுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டாயா, சாப்பிட்டாயா, கம்பளி இருக்கிறதா என்று மணிக்கொரு தரம் கேட்டிருக்கிறாய். தேதியைப் பார்த்தேன். அதே வாரம் எனக்கும் காய்ச்சல். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன், நீ ஹெட்போனைக் கழற்றவில்லை.

உன்னிடம் அன்பு வற்றிப்போய்விட்டது என்று இத்தனை வருடம் என்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். வற்றவில்லை. பக்கத்து வயலுக்குப் பாய்ந்திருக்கிறது. நான் கட்டிக்கொண்ட ஆள் அப்படியே அங்கே உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறான். எனக்கு அழுகையாக வந்தது, கோபமாகவும் வந்தது, எது முதலில் என்று தெரியவில்லை.

புலி


ஜூலை 10

என் புலிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை எடுத்து வாசித்தேன். என்ன சொன்னாலும் அது சால்ஜாப்பாகத்தான் இருக்கும், அதனால் சொல்லவில்லை. வந்து காட்டுகிறேன்.

விளக்கை விட்டுவிடு. அணையட்டும். கணக்கையே அழித்துவிடு. மனசார எழுதுகிறேன். நேற்று விளையாட்டு ஞாபகமே வராமல் ஒரு பகல் முழுக்கப் போனது. மாலையில் ரம்மிக்காரர் கேட்டபிறகுதான் உறைத்தது. வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவரும் நானும் குழந்தை மாதிரிச் சிரித்தோம். உன்னோடு அப்படிச் சிரிக்க வேண்டும்.

அழித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

உன்
லொடுக்கு


ஜூலை 26

அன்புள்ள லொடுக்குக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. அழிக்கலாம் என்றுதான் போனேன். ஆனால் அணி ஒரு இக்கட்டில் மாட்டியிருந்தது. வடக்குக் கோட்டையை இழந்துவிட்டார்கள். தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தால் நன்றாகவா இருக்கும்? மீட்டுக் கொடுத்துவிட்டு அழிக்கிறேன்.

சொன்னால் சிரிப்பாய். உன்னைவிட நான் நன்றாக ஆடுகிறேன். நீ எப்போதும் முன்வாசலில் முட்டிக்கொண்டு நிற்பாயாம். எதிரிக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது, அதைப் பார்த்து வைத்துக்கொண்டால் போதும். அந்தக் கடையில் கற்றது வீண்போகவில்லை. தலைவர் இப்போதுதான் புலி மாதிரி ஆடுகிறார் என்று ஒருவன் எழுதினான். என்னை யாரும் அப்படிச் சொல்லி எத்தனை காலமாயிற்று.

முன்பு உனக்கு எழுதியதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். வந்ததற்குப் பரிசா என்று கேட்டேன். ஏன் கொடுக்கக் கூடாது? வருவதும் ஒரு பாடுதானே. முடிவு இல்லை என்றேன். முடிந்தபிறகு அந்தக் கடையிலிருந்து தனியாக நடந்து வந்ததை மறந்துவிட்டு எழுதினேன். பழைய விளையாட்டுகள் கல்நெஞ்சு. அதைத்தான் நேர்மை என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ என்னவோ.

வாத்தியார் பல்செட் திரும்பி வந்துவிட்டது. கடித்தால் ஒரு பக்கம் தூக்குகிறதாம். பல் டாக்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். போகட்டும், சரிசெய்து கொடுத்தால் ஆயிற்று.

அணி கூப்பிடுகிறது.

புலி


ஆகஸ்ட் 7

என் புலிக்கு,

உன் அண்ணன் என்னைப் பார்க்க வந்திருந்தார். முதல்தடவையாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ பட்டறைக்குப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்றார். பட்டப்பகலில் திரைச்சீலை போட்டிருக்கிறதாம். கதவைத் தட்டி ஓய்ந்து உட்கார்ந்த பிறகு வந்து திறந்தாயாம். சமையலறையில் பாத்திரம் போட இடமில்லையாம். "நீங்க இருந்த மாதிரியே இருக்கா" என்றார்.

இந்த மையத்துக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பயந்ததில்லை. உன் கடிதத்தில் இருப்பதெல்லாம் நான் சொன்ன சொற்கள். அணி இக்கட்டில் இருக்கிறது, முடித்துவிட்டு விடுகிறேன், நான் இல்லாமல் அவர்கள் என்ன செய்வார்கள். ஒன்றுவிடாமல் உன்னிடம் நான் சொன்னவை. அவற்றை நீ எப்படி மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி காலையில் என்னை விடுகிறார்கள். வாசலுக்கு வா. நீ வந்து கூட்டிப் போ. கணினியை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வா. வேறு எதுவும் வேண்டாம். வீட்டில் திரை எரிந்தால் அன்றைக்கே திரும்பி வந்துவிட வேண்டும், கதவு திறந்தே இருக்கும் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் அவ்வளவு கெட்டிப்படவில்லை, புலி. பார்த்தால் விழுந்துவிடுவேன். எனக்கே தெரிகிறது.

உன்
லொடுக்கு


ஆகஸ்ட் 15

லொடுக்கு,

அண்ணனுக்கு எதையும் பெரிதாக்கித்தான் பழக்கம். நான் நன்றாக இருக்கிறேன்.

இருபதாம் தேதிதான் இறுதிப் போர். நாள் முழுக்க நடக்கும். நீ ஒரு வாரம் கழித்து வரலாமே. அங்கே இடம் கொடுக்க மாட்டார்களா? வந்தே ஆக வேண்டுமென்றால் சாவி பூந்தொட்டிக்குக் கீழே இருக்கிறது.

நான் யார் என்று அணியிடம் சொல்லிவிட்டேன், இப்போது குரலிலேயே பேசிக்கொள்கிறோம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உன் நல்லதுக்குத்தான்.

புலி


ஆகஸ்ட் 20, நம் வீட்டுக் கூடத்திலிருந்து

என் புலிக்கு,

மையத்து வாசலுக்கு யாரும் வரவில்லை. அண்ணன் வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். பேருந்தில் வந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே இருப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பகல் பதினொரு மணி. நம் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. உன் குரல் கேட்கிறது. யாருக்கோ எவ்வளவு கனிவாகத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். தட்டினேன். கூப்பிட்டேன். ஹெட்போனில் உனக்குக் கேட்கவில்லை. ஒரே வீட்டுக்குள் உனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. இதை மடித்துக் கதவுக்குக் கீழே தள்ளுகிறேன்.

பாத்திரங்களைக் கழுவிவிட்டேன். சோறு வடித்து வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போன் செய்து பேசினேன், நீ வந்தால் போதும் என்கிறார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. நீ எழுந்து இந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருமாக மையத்துக்குப் போவோம். பெண்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது, கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பை இன்னும் தோளில்தான் இருக்கிறது. உள்ளே வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுந்தேன். கதவிடுக்கில் அந்த வெளிச்சம் தெரிந்ததும் கால் நின்றுவிட்டது. எனக்கு இங்கே அதிக நேரம் இல்லை. நீ வராவிட்டால் நான் தனியாகத் திரும்பிப் போக வேண்டும். போகாவிட்டால் இரண்டு பேரும் போனோம். தயவுசெய்து வெளியே வா.

லொடுக்கு


அதே நாள், உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன்

லொடுக்கு,

நீ வந்துவிட்டாய் என்று பாத்திரச் சத்தத்திலேயே தெரிந்தது. மனசு துள்ளியது. எழுந்து வர முடியவில்லை, நான் நகர்ந்தால் கோட்டை விழும். உலகத்தில் இதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீதான்.

உன்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. நீ ஏன் எழுந்து வரவில்லை என்று இப்போது தெரிகிறது. அன்பு இல்லாததால் இல்லை. நான் உன்னை எவ்வளவு தேடினேன் என்று உனக்கு எப்படிச் சொல்வேன். உன் பேச்சையெல்லாம் முதலிலிருந்து படித்து முடித்துவிட்டேன். இனிமேல் படிக்க ஒன்றுமில்லை.

செவிலிப் பெண் நேற்று விலகிவிட்டாள். அணியில் ஓர் இடம் காலி. தெற்கு வாசலைத் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. உன் பழைய மடிக்கணினி அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது. மையமெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். நாம் இரண்டு பேரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று. வா, கண்ணா.

உன்
புலி


புலி,

கதவைத் திற. நாற்காலி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

லொடுக்கு