கட்டைவிரல் மறைத்த வார்த்தை

மார்ச் 2, திங்கள்

அண்ணன் அனுப்பிய டிவி வந்துவிட்டது. முதலில் யாரோ கதவைக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி, ஒருவரையொருவர் திட்டி, சுவரைப் பெயர்த்து, ஒருவழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். அம்மா அறையில் அதை மாட்ட இடமிருந்த ஒரே சுவர் ஜன்னல் சுவர். ஆக, ஜன்னல் போச்சு.

அண்ணன் வீடியோ காலில் வந்தான். "ஜன்னலைவிட இது தெளிவா இருக்கும்மா. பதினாறு-கே. நேர்ல பாத்தா தெரியாததெல்லாம் இதுல தெரியும்."

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆறு வருஷம் ஆகிறது. அதில் அவன் வந்து தங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நேரில் தெரியாததெல்லாம் டிவியில் தெரியும் என்றால் அவன் நேரில் வரவே வேண்டாம் பாருங்கள். நல்ல வசதி.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலையும் நடந்துபோகும் தூரத்தில், நடுவில் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதனால் அம்மா என்னோடு. இதை யார் எப்போது முடிவு செய்தது? யாரும் செய்யவில்லை. கேட்டுச் சண்டை போடக்கூட ஒரு ஆள் கிடையாது.

மார்ச் 4

செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்கில் இருக்கும் ஒவ்வொரு துளையும் தெரிகிறது. பாவம், பவுடர் எங்கே திட்டுத்திட்டாக நிற்கிறது என்று பார்த்ததில் செய்தி என்னவென்றே காதில் விழவில்லை. "மேல் வரிசையில ரெண்டாவது பல்லு கட்டினதா?" என்றாள் அம்மா. பார்த்தேன். ஆமாம், கட்டினதுதான். நிறம் ஒரு படி தூக்கல். நான் வேலை பார்க்கும் பல்செட் லேபில் இப்படி அனுப்பினால் முதலாளி திருப்பி என் மேஜையிலேயே வைப்பார். ரொம்ப நாள் கழித்து அம்மாவும் நானும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

மார்ச் 7, சனி

சிரிப்பெல்லாம் இரண்டு நாளைக்குத்தான்.

அப்பாவின் அறுபதாவது பிறந்தநாள் டிஸ்க்கைப் போடச் சொன்னாள் அம்மா. டிவியின் பின்னால் தடவிப் பார்த்தேன். டிஸ்க் பிளேயர் ஒயரைச் செருக ஒரு ஓட்டைகூட இல்லை. அண்ணனிடம் கேட்டால், "டிஸ்க்கெல்லாம் யார் வச்சிருக்காங்க இப்போ? கடையில கொடுத்து ஏத்தச் சொல்லு. டிவியே அதைப் புதுசு மாதிரி ஆக்கிக் காட்டும்" என்கிறான். கேசட்டை டிஸ்க்காக்க ஒரு தடவை அலைந்தேன். அந்த டிஸ்க் கீறல் விழுந்ததும் இன்னொரு டிஸ்க்காக்க ஒரு தடவை அலைந்தேன். இப்போது இது. ஒவ்வொரு தடவையும் இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று சொல்லித்தான் கொடுக்கிறார்கள். யாருடைய ஆயுசு?

"உனக்கு எதைச் சொன்னாலும் சலிப்புடி" என்றாள் அம்மா. படுக்கை விரிப்பை மாற்றினேன்.

மார்ச் 12

லேபுக்கு வேலை அனுப்பும் பல் டாக்டர் கால்பந்து மாட்சுக்கு இரண்டு டிக்கெட் கொடுத்தார். ஒன்று மெழுகுக்கு, இன்னொன்று எனக்கு. (மெழுகில் பல் வரிசை செய்கிறவன். அவனுடைய சொந்தப் பெயர் அவன் பெண்டாட்டிக்கே மறந்திருக்கும்.) வீட்டைவிட்டு ஒரு சனிக்கிழமை வெளியே போய் எவ்வளவு காலமாயிற்று. எதிர் வீட்டு அக்கா அம்மாவோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்குத் தகவல் போனதும் ஒரே குஷி. "டிவியில சீட் நம்பரைப் போட்டா நேரா உன் சீட்டுக்கே போகும். அம்மா உன்னைப் பாக்கலாம். பக்கத்து சீட்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்." எதிர் வீட்டு அக்காவுக்கு அவனே போனில் எல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

மார்ச் 14, சனி

கிளம்புகிற நேரத்துக்குச் சரியாக அம்மாவுக்கு எல்லாம் வந்தது. வயிறு, தலை, கால். தட்டில் வைத்ததைத் தள்ளிவிட்டாள். புடவையெல்லாம் ஈரம். மாற்றிவிட்டு நானும் மாற்றிக்கொண்டு வந்தால், "போ, போ. நான் செத்தாலும் மாட்ச் முடிஞ்சப்புறம் வா" என்றாள். எதிர் வீட்டு அக்கா முன்னால்.

மாட்ச் நன்றாக இருந்ததாக மெழுகு சொன்னான். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இடைவேளையில், கல்யாணமாகிப் போன தங்கைக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். மனசிலிருந்ததை அடித்தேன்.

வீட்டுக்கு வந்தால் எதிர் வீட்டு அக்கா முகத்தையே பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். டிவி அணைந்திருந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை. கூப்பிட்டேன். அசையவில்லை.

மார்ச் 15, ஞாயிறு



காலையில் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, உன் மெசேஜ் எப்படி வெளிய வந்துச்சு? என் மாமியார் காட்டறாங்க."

நடந்தது இது. எதிர் வீட்டு அக்கா சீட் நம்பரைப் போட்டிருக்கிறார். திரையில் என் முதுகு, என் தோள், என் கையில் போன். ஆசையாக அம்மாவுக்குக் காட்டி, படம் எடுக்கும் பொத்தானை அழுத்தி, 'நம்ம வீட்டுப் பொண்ணு டிவியில' என்று குடியிருப்பு குரூப்பில் போட்டுவிட்டார். அந்த டிவி மங்கலாக இருப்பதைத் தானே கூர்மையாக்கிக்கொள்ளுமாம். முதுகு காட்டத்தான் பொத்தானை அழுத்தினார். படம் போய்ச் சேர்வதற்குள் போனில் இருந்த எழுத்தெல்லாம் திரையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெளிந்துவிட்டது. குரூப்பிலிருந்து கைமாறிக் கைமாறித் தங்கையின் மாமியார் வரை வந்துவிட்டது.

'என்னால இனிமே அம்மாவை பாத்துக்க முடியாது. நீ கூட்டிட்டுப் போ, இல்லேன்னா ஏதாவது ஹோம்ல சேத்துடலாம்.'

கண் தெரியவில்லை, பேப்பர் படிக்க முடியவில்லை என்று என்னைத் தினமும் படித்துக் காட்டச் சொல்கிற அம்மா, இதை முழுசாகத் தானே படித்துவிட்டாள்.

ஆனால் நான் அப்படி எழுதவே இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன். 'என்னால ஒருத்தியா அம்மாவை பாத்துக்க முடியாது' என்றுதான் இருக்கிறது. ஒருத்தியா. அந்த இடத்தில் என் கட்டைவிரல் இருந்திருக்கிறது. விரலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று டிவியே யோசித்து, 'இனிமே' என்று அதுவாகப் போட்டுக்கொண்டது. யார் கேட்டது அதை? என் வாயில் வார்த்தை வைக்க இது யார்?

மார்ச் 16

லேபில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே போதும், எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு. ஒரு கீழ்ப் பல்செட்டைத் தேய்க்கிறேன் தேய்க்கிறேன் என்று தேய்த்து ஓரத்தையே காலி பண்ணிவிட்டேன்.

படம் எங்கெங்கோ போய்விட்டது. முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதுகிறார்கள். 'மாட்ச் பாக்க நேரம் இருக்கு, பெத்தவளைப் பாக்க நேரம் இல்லை.' 'இவளைப் பெத்ததுக்கு.' அதற்கு மேல் படிக்காதே என்று மெழுகு என் போனைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினான். "இவனுங்க எவனாவது ஒரு நாள் வந்து அம்மாவுக்கு பெட்ஷீட் மாத்தட்டும்க்கா. அப்புறம் எழுதட்டும்" என்றான்.

எதிர் வீட்டு அக்கா வாசலில் வந்து அழுதார். அவரைத் திட்ட முடியவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மார்ச் 18

சேனலுக்குப் போன் செய்தேன். இசை. மறுபடி இசை. பிறகு ஒரு பையன் குரல்.

"டிக்கெட் பின்பக்கத்துல போட்டிருக்கு மேடம். உள்ள வந்தா ஒளிபரப்புக்குச் சம்மதம்னு அர்த்தம்."

"என் முகத்துக்குச் சம்மதம். என் போனுக்குமா?"

"போன் உங்க கையிலதானே மேடம் இருந்துச்சு."

"நான் எழுதாத வார்த்தையை எப்படிப் போட்டீங்க?"

"அது எங்க வேலை இல்ல மேடம். டிவி கம்பெனி."

டிவி கம்பெனிக்குப் போட்டேன். படத்தைத் தெளிவாக்குவதுதான் எங்கள் வேலை, எதைப் பார்க்கிறார்கள் என்பது பார்க்கிறவர் பொறுப்பு என்றாள் போனை எடுத்த பெண். இதைவிடத் தெளிவான டிவி அடுத்த வருஷம் வருகிறதாம். பழசைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ள விருப்பமா என்று என்னையே கேட்டாள் அந்தப் பெண். போனைச் சுவரில் அடிக்காமல் இருந்தது என் நல்ல காலம்.

மார்ச் 19

அம்மா சாப்பிடுகிறாள், மருந்து போட்டுக்கொள்கிறாள், என்னைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. தினம் என்னைத் திட்டிய அந்த வாயை நான் தேடுவேன் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 21, சனி

இன்று உடைந்துவிட்டது.

குளிப்பாட்டித் துவட்டிவிடும்போது பொறுக்க முடியாமல் போனை அவள் முன்னால் நீட்டினேன். "பாரும்மா. நான் எழுதினது இது. ஒருத்தியான்னுதான் இருக்கு. இனிமேன்னு எழுதவே இல்ல."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். போனைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். "எழுத்து தெரியலடி."

பொய்யைப் படிக்க முடிந்தது. நிஜத்தைப் படிக்க முடியவில்லை. அந்த டிவியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல வந்தது. நானே படித்துக் காட்டினேன், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அம்மா துண்டை மடியில் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வார்த்தைதானே மாறியிருக்கு?"

"ஒரு வார்த்தையா? அர்த்தமே மாறிப்போச்சு."

"சரி. மீதி? கூட்டிட்டுப் போ, ஹோம்ல சேத்துடலாம்னு. அதுவும் டிவி போட்டதா?"

நான் போனை அணைத்துக் கட்டிலில் வைத்தேன்.

"அது நீ எழுதினதுதானே?"

"ஆமா."

"அப்படிச் சொல்லு."

அவ்வளவுதான். அதன்பிறகு நான் கத்தினேன். ஆறு வருஷமும் வெளியே வந்தது. எனக்கு நாற்பத்தேழு வயசும்மா, எனக்கும் முட்டி வலிக்குது, நான் ஒரு சினிமா முழுசா பாத்து எத்தனை நாளாச்சு தெரியுமா, அவங்க ரெண்டு பேரும் உனக்குப் பிள்ளைங்க இல்லையா, நான் மட்டும்தான் பெத்த பொண்ணா. எதிர் வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அதுதான் ஊருக்கே தெரியுமே.

நான் முடித்ததும் அம்மா சொன்னாள். "இதை என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல உனக்கு ஆறு வருஷம். நடுவுல அம்மாம் பெரிய டிவி." மடித்த துண்டை என்னிடம் நீட்டி, "எனக்கு மட்டும் பிடிச்சா இருக்கு? உன் கையப் பிடிச்சுக்கிட்டு பாத்ரூம் போக? காலைல நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வருவே. அதைப் பாத்தா எனக்கு எரியும். உடனே எதையாவது தட்டி விடுவேன்."

வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். தெரிந்ததுதான். ஆனாலும் அவள் வாயால் கேட்டதும் கோபம் உச்சிக்கு ஏறியது. ஏறின மாதிரியே இறங்கியும் விட்டது. ஏன் என்று தெரியவில்லை.

"உங்கண்ணனுக்குப் போன் போடு" என்றாள்.

மார்ச் 22

நேற்று எழுத முடியாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

அண்ணன் எடுத்ததுமே ஆரம்பித்தான். "என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? எனக்கு ஆபீஸ்ல தலை காட்ட முடியல. அம்மாவுக்காக அவ்வளவு பெரிய டிவி வாங்கிக் கொடுத்தேன், நீ என்னடான்னா..."

நான் பேச வாயெடுத்தேன். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"டேய். அந்த டிவி என்னைத் தூக்கி உக்கார வைக்குமா?"

"அம்மா, அதுக்கில்ல..."

"பாத்ரூம் கூட்டிட்டுப் போகுமா? லீவு போட்டுட்டு வா. வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. இவ கொஞ்ச நாள் தூங்கட்டும்."

"வீட்ல அவளும் வேலைக்குப் போறாம்மா. நான் எப்படி..."

"இவளும்தான் வேலைக்குப் போறா. ஆள் வச்சுக்கோ. எப்படின்னு நீ யோசி."

எனக்காக அம்மா பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? சமையலறையில் போய் நின்றதும் அழுகை குமுறிக் குமுறி வந்தது. இதை ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கலாமே அம்மா. நானும் கேட்டிருக்கலாம்.

ஏப்ரல் 4

அண்ணன் வந்திருக்கிறான். அம்மாவைத் தூக்கத் தெரியாமல் அக்குளில் கையைக் கொடுத்துத் திண்டாடினான். எப்படி என்று செய்து காட்டினேன். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு.  டிவியைக் கழற்ற ஆள் கூட்டிவந்தவனும் அவனேதான்.

தங்கையும் வந்திருந்தாள். அவளும் நான்கு மாதம் வைத்துக்கொள்வதாக ஒத்துக்கொண்டாள். "நான் என்ன சூட்கேஸா, ஆளுக்கு நாலு மாசம் தூக்கிட்டுப் போக?" என்றாள் அம்மா.  "எங்க எவ்வளவு நாள் இருக்கறதுன்னு நான் சொல்றேன்" என்று அவளே முடித்தாள்.

ஏப்ரல் 5

போய்விட்டார்கள். வண்டியில் ஏறும்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் கையாட்டவில்லை.

ஏப்ரல் 7

நேற்றுச் சாயங்காலம் லேபிலிருந்து வந்து அப்படியே படுத்தவள் காலையில்தான் எழுந்தேன்.

ஏப்ரல் 23

லேபுக்கு வரும் பேப்பரில் பார்த்தேன். இனி மைதானத்தில் ரசிகர்கள் கையிலிருக்கும் போனையும் காகிதத்தையும் சேனலே மறைத்துவிடுமாம். 'தனிமனித அந்தரங்கத்தின் மீதுள்ள மரியாதை காரணமாக.' என் புகார் காரணமாக இல்லை. என் புகாருக்கு இன்றுவரை ஒரு வரி பதில் கிடையாது. போன வாரம் ஒரு அணியின் முதலாளி கேலரியில் உட்கார்ந்து எந்த ஆட்டக்காரரை விற்கலாம் என்று யாருக்கோ மெசேஜ் அடித்துக்கொண்டிருந்ததை எவனோ படித்துவிட்டான். ஒரே வாரத்தில் மரியாதை பிறந்துவிட்டது.

பேப்பரைக் கிழித்துப் போட்டேன். மெழுகு பொறுக்கி எடுத்து, அச்சு வார்க்கும் பிளாஸ்டர் சிந்தாமல் மேஜையில் விரித்துக்கொண்டான். அதற்காவது உதவட்டும்.

மே 17, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். அவளாக டயல் செய்து கூப்பிட்டது. அண்ணன் வீட்டில் காலையில் ஒரு பெண் வருகிறாளாம், நல்ல பலசாலியாம், ஆனால் வாய் ஓயாதாம். அண்ணன் ராத்திரி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது தினமும் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறானாம். "உங்கப்பா மாதிரியே சத்தம் போடாம வலிய முழுங்கறான்" என்றாள். பிறகு, நான் என்ன சமைத்தேன் என்று கேட்டாள். ஒன்றும் சமைக்கவில்லை என்றேன். திட்டினாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இதுவரை கேட்டதில்லை.

நானும் சொன்னேன், ஏதேதோ. லேபில் புதிதாக வந்திருக்கும் பெண் எல்லாப் பல்லையும் ஒரே அளவில் அடுக்கியதை, முதலாளி அதைப் பார்த்து விழித்ததை. சிரித்தாள். போன் காதில் சூடேறுகிறவரை பேசினோம். ஒரே வீட்டில் இருந்தபோது நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

வைக்கும்போது, "எப்பம்மா வர்றே?" என்று கேட்டேன். வாய் தவறிக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றுதான் கேட்டேன்.

"இவன் இன்னும் சரியா பழகல. பழகட்டும், வர்றேன்" என்றாள்.