மணி அடிக்கும் முன் இரண்டு வினாடி

தோக்கியோ, ஓகிகுபோ
1996 ஜூலை 3

அன்புள்ள இபுகி,

இங்கே மழைக்காலம் விட்டபாடில்லை. துவைத்த துணி காயாமல் ஸ்டூடியோ விளக்குகளுக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். வர்ணம் பூசுகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள். நீயும் சுசுனேயும் சௌக்கியம்தானே? மார்ச்சிலேயே அவளுக்கு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிட்டதா?

ஞாயிறு காலையில் 'மணித் தோழியர்' பார்க்கிறீர்கள் என்று அவள் அனுப்பிய அட்டையில் தெரிந்துகொண்டேன். என் கார்ட்டூன் தொடரை நீயும் உட்கார்ந்து பார்க்கிறாய் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். வாராவாரம் கதாநாயகி மினாமோ மணியை உயர்த்திப் பள்ளிச் சீருடையிலிருந்து வெள்ளி உடைக்கு மாறுகிறாளே, அதை நீ ஒரே ஒரு முறை வரைந்தாய். நாங்கள் ஒவ்வொரு வாரமும் எடுத்து ஒட்டிக்கொள்கிறோம். நீ வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது, உன் கை மட்டும் இன்னும் இங்கே வேலைக்கு வருகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இலையுதிர் காலக் கதையில் எதிரி நிசப்த ராணி துறைமுக ஊரின் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடுவாள். மினாமோவின் வெள்ளி மணி உடைந்து, தங்க மணி கிடைக்கும். (பொம்மைக் கம்பெனி கிறிஸ்துமஸுக்கு விற்க வேண்டாமா?) ஆகவே உருமாறும் காட்சியைப் புதிதாக வரைய வேண்டும். மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மினாமோ சர்க்கஸ்காரி மாதிரி சுற்றுகிறாள். நீ வரைந்து தருவாயா? தபாலில் அனுப்பினால் போதும்.

போனில் கேட்கத்தான் நினைத்தேன். நீதான் எடுத்த உடனே சுசுனேயிடம் கொடுத்துவிடுகிறாய்.

உன்
கியோதகா


ஹமாதா
ஜூலை 11

அன்புள்ள சுசுனே அப்பாவுக்கு,

பல் விழுந்துவிட்டது. கீழ்ப்பல் என்பதால் கூரை மேலே எறிய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நான் எறிந்தது நேரே கீழ்வீட்டு மீன்கடைத் தொட்டியில் போய் விழுந்தது. கடைக்காரம்மா, "இன்னிக்கு அரைச்ச மீனுல யாருக்காவது பல்லு கிடைச்சா எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க"ன்னு தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். காலையில் அவர் கடையில்தான் எனக்கு வேலை. கை நாறுகிறது, மனசு நன்றாக இருக்கிறது.

போன் வேண்டாம் என்று நான் சொல்வது கோபத்தால் இல்லை. போனில் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், நான் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பேன். கடிதத்தில் என் முறை என்று ஒன்று வருகிறது.

இங்கே விடிகாலையில் கடலிலிருந்து பனி ஏறி வந்து தெருவை மூடிக்கொள்கிறது. மீன்பிடிப் படகுகளின் ஊதல் எங்கேயோ பஞ்சுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். நிசப்த ராணி வந்துவிட்டாள் என்று சுசுனே ஜன்னலில் நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவாள். எனக்கோ அந்த நேரம்தான் பிடிக்கிறது. உங்கள் கதையில் மட்டும் ஏன் நிசப்தம் எப்போதும் எதிரியாகவே இருக்கிறது?

வரைகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மினாமோ மணியை உயர்த்திய பிறகு, அது அடிப்பதற்கு முன், திரை இரண்டு வினாடி முழு இருட்டாக இருக்க வேண்டும். இசை கிடையாது, மினுமினுப்பு கிடையாது, ஒன்றுமே கிடையாது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்கிற வெளிச்சத்தையெல்லாம் கொட்டித் தருகிறேன்.

இபுகி


ஓகிகுபோ
ஜூலை 20

அன்புள்ள இபுகி,

நீ ஒப்புக்கொண்டதைப் படித்துவிட்டு ஸ்டூடியோ முழுக்க ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். இருட்டைப் பற்றிச் சொன்னதும் தயாரிப்பாளர் குராஹாஷிக்கு ஐஸ் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

"டைரக்டரே, ரெண்டு செகண்ட் இருட்டா? டிவி ரிப்பேராயிடுச்சுன்னு அப்பனுங்க எழுந்து வந்து தட்ட ஆரம்பிச்சிடுவானுங்க."

"தட்டட்டும். அதுக்குள்ள மணி அடிச்சிடும்."

"பொம்மைக் கம்பெனிக்காரன் மணியக் காட்டத்தான் காசு குடுக்கறான். நீங்க அதையே மறைக்கிறீங்களே. யாரு குடுத்த யோசனை இது?"

"இபுகி."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "அப்ப நான் என்னத்தச் சொல்ல, நீங்களே போய் கம்பெனிக்காரன்கிட்ட பேசிக்குங்க" என்றார். பேசினேன். மூன்று மணி நேரம் விடாமல் பேசினேன். என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, எதிராளி களைத்துப்போய்ச் சரி என்று சொல்லிவிட்டான்.

இரண்டு வினாடி உனக்குத்தான். ஏன் என்று மட்டும் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் நான் யோசித்து யோசித்து மண்டை காய்கிறேன்.

உன்
கியோதகா


ஹமாதா
ஆகஸ்ட் 9

அன்புள்ள சுசுனே அப்பாவுக்கு,

இத்துடன் படங்கள் எல்லாம் வருகின்றன. சுசுனே ஒரு தாளின் ஓரத்தில் நண்டு ஒன்று வரைந்துவிட்டாள். தயவுசெய்து அதைக் கேமராவுக்குக் கீழே வைத்துவிடாதீர்கள்.

வரைந்த நாட்களில் மினாமோ என் கனவில் வந்துகொண்டே இருந்தாள். பனிக்குள்ளே, அலைதடுப்புச் சுவரின் மேல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பின்னாலேயே நிசப்த ராணியும் நடக்கிறாள், அவளும் வெறுங்கால்தான். சண்டையே இல்லை. தண்ணீர் சுவரில் மோதுவது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. விழித்த பிறகும் ரொம்ப நேரம் எனக்குப் பேசத் தோன்றவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது.

ஏன் என்று கேட்டிருந்தீர்கள். என் அப்பாவின் இறுதிச் சடங்கு ஞாபகம் இருக்கிறதா? வந்தவர்களுக்கு நன்றி சொல்ல நான் எழுந்து நின்றேன். மகள் நான் ஒருத்திதான், நான்தான் பேச வேண்டும். முதல் வார்த்தைக்கு முன்னால் மூச்சு இழுத்தேன். நான் உடைந்துவிட்டேன் என்று நினைத்து நீங்கள் எழுந்து மைக்கை வாங்கிப் பேசிவிட்டீர்கள். அருமையாகத்தான் பேசினீர்கள், எல்லாரும் அழுதார்கள். நான் என்ன சொல்ல இருந்தேன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

வேலையிலும் அப்படித்தான். நான் எதை வரைந்து கொடுத்தாலும் அதன் மேல் உங்கள் மஞ்சள் தாள் வந்து உட்காரும். திருத்துவது டைரக்டரின் வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டிலும் மஞ்சள் தாள் வந்துகொண்டே இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வாக்கியங்களை நீங்கள்தான் முடித்துவைத்தீர்கள். பாதி நேரம் என்னுடையதைவிட நன்றாகவே முடித்தீர்கள்.

அந்த இரண்டு வினாடி, அன்று நான் இழுத்த மூச்சு. அதை அப்படியே விட்டுவிடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இபுகி


ஓகிகுபோ
செப்டம்பர் 1

அன்புள்ள இபுகி,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பல நாள் திரிந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து, அந்த நினைப்பிலேயே இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன் படங்களில் ஒன்றின் மேலும் மஞ்சள் தாள் வைக்கவில்லை. கை பரபரத்தது, பொய் சொல்ல மாட்டேன். மினாமோவின் முழங்கை கொஞ்சம் நீளம் என்று எனக்கு இப்போதும் தோன்றுகிறது. மஞ்சள் தாள் கட்டையே குராஹாஷியின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். "கல்யாணமாயி பதினொரு வருஷத்துல இப்பத்தான் புத்தி வருது" என்று முனகிக்கொண்டே பூட்டினார். நண்டு பத்திரமாக என் மேஜைக்கு மேலே இருக்கிறது.

மினாமோ மணியை உயர்த்துகிறாள், இருட்டு, பிறகு வெளிச்சம். படங்களைத் திரையில் ஓட்டிப் பார்த்தபோது அறையில் ஒருவரும் இருமக்கூட இல்லை. நீ எவ்வளவு கைதேர்ந்தவள் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை போலிருக்கிறது. இப்போது சொல்கிறேன்.

வீட்டைக் கூட்டிப் பெருக்கினேன். தெற்கு அறையில் உன் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். நீ வந்துவிடு. சுசுனேயைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. ஞாயிறுகளில் ஸ்டூடியோ பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உன்
கியோதகா


ஹமாதா
செப்டம்பர் 12

அன்புள்ள சுசுனே அப்பாவுக்கு,

முழங்கை நீளம்தான். வேண்டுமென்றே செய்தேன். நீங்கள் பொறுத்துக்கொண்டதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன், கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

நாங்கள் வருகிறோம். அக்டோபர் 6 ஞாயிறு, புதிய மணியை இங்கே பார்த்துவிட்டு அந்த வாரமே இரவு ரயிலில் ஏறுவோம். சுசுனே பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறாள், நாள்தோறும் விடைபெறுகிறாள். கடைக்காரம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "புருஷன் மாறிட்டானா, இல்ல நீ மறந்துட்டியா?" என்று கேட்டார். மாறிவிட்டார் என்றேன். அதை ஞாயிற்றுக்கிழமை கண்ணால் பார்க்கவும் போகிறேன். எனக்கு அது போதும்.

கடல் இப்போது தெளிந்துவிட்டது. பனி இல்லை. இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

இபுகி


ஓகிகுபோ
அக்டோபர் 3

அன்புள்ள இபுகி,

விரைவுத் தபாலில் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கிடைத்துவிட வேண்டும். நேற்றுக் குரல் பதிவும் ஒலிக்கலவையும் முடிந்தன. உன் இருட்டு முழு இரண்டு வினாடி இருக்கிறது. ஒரு ஃபிரேம்கூடக் குறையவில்லை, ஒரு நட்சத்திரம்கூட இல்லை, இசையும் இல்லை. பொம்மைக் கம்பெனிக்காரன் வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குள்ளே உனக்காக ஒரு பரிசு வைத்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். பதிவு முடியப்போகும்போது தோன்றியது, நடிகையிடம் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மினாமோவுக்குக் குரல் கொடுக்கிறவளுக்கே கண் கலங்கிவிட்டது. பார், உனக்கே புரியும். இத்தனை வருடமாக நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது அது.

ரயில் வரும் நேரத்தை எழுது. நிலையத்தில் நிற்பேன்.

உன்
கியோதகா


ஹமாதா
அக்டோபர் 7

அன்புள்ள கியோதகா,

பார்த்தோம். சுசுனே காலையிலேயே பயணப் பையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், கடைக்காரம்மாவும் மேலே வந்தார். மினாமோ மணியை உயர்த்தினாள். திரை இருண்டது. நான் மூச்சு இழுத்தேன். அந்த இருட்டில் மினாமோவின் குரல், "பயப்படாதே, நான் இருக்கேன்" என்றது. பிறகு மணி அடித்தது. வெளிச்சம் வந்தது.

"அம்மா, இருட்டுல அவ மட்டும்தானே இருந்தா? யார்கிட்ட பேசுறா?" என்று சுசுனே கேட்டாள்.

"என்கிட்ட."

"உன்கிட்டயா? நீ பயந்தியா?"

"இல்லடா. எனக்குப் பயமே இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அப்பாதான் பயந்துட்டாரு போல" என்றாள்.

எனக்குக் கோபம் இல்லை. நல்ல வசனம், ஊரெல்லாம் குழந்தைகள் அதைக் கேட்டு ஆறுதலாக உணர்ந்திருப்பார்கள். நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். மைக்கை வாங்கிய அன்றும் அன்பாகத்தான் வாங்கினீர்கள். அந்த மூச்சு எதற்கு என்று எழுதிச் சொன்ன பிறகும், அதைக் காலியாக விட உங்களால் முடியவில்லை. இனி எதைச் சொல்லிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று முழுக்க அழுதேன்.

நாங்கள் வரவில்லை. சுசுனே இங்கேயே படிப்பாள். புத்தாண்டுக்கு வாருங்கள், அவள் உங்களுக்காக நாள் எண்ணுவாள். வீட்டில் உங்களுக்குப் படுக்கை போடுவேன், மீன் சுட்டு வைப்பேன், அதிலெல்லாம் குறை இருக்காது. மனைவியாக மட்டும் திரும்பி வர மாட்டேன். கையெழுத்தில் என் அப்பா வீட்டுப் பெயரைப் போட்டிருக்கிறேன், பார்த்துத் திடுக்கிட வேண்டாம்.

வெளிச்சம் வந்த பிறகு பாவாடை விரியும் இடத்தில், நான் கொடுத்த நீலத்தைவிட ஒரு படி மங்கலாகப் பூசியிருக்கிறார்கள். அடுத்த வாரத்துக்குள் சரிசெய்யச் சொல்லுங்கள். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஹமுரா இபுகி


ஓகிகுபோ
அக்டோபர் 15

அன்புள்ள இபுகி,

படித்தேன்.

கியோதகா