சவுக்கைச் சுவரில் விரிசல்

பாலக்காடு
9 ஜூன் 2025

அன்புள்ள ராசம்மாள் அக்காவுக்கு,

உங்கள் ஊர்ப் பழைய வில்லேஜ் ஆபீஸை இடிக்க உத்தரவாகிவிட்டது. தாலுக்கா ஆபீஸில் கோப்பை வாங்கி நானே படித்தேன். 1904-இல் எல்லையில் சுங்கம் வசூலிக்கும் சவுக்கையாகக் கட்டியது, இரண்டடிச் சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம் என்று முதல் பக்கத்தில் இருக்கிறது. இடிக்கக் காரணம் மூன்றாம் பக்கத்தில்: 2019 ஆகஸ்டில் பத்திரிகையில் நான் எழுதிய செய்தியின் நகல். ‘சுவர் பிளந்தது, ஊழியர்கள் அச்சம்.’

இருபத்திரண்டு வருடம் அங்கே கூட்டிப் பெருக்கியவர் நீங்கள். சுவர் உறுதியானது என்று கலெக்டருக்கு ஒரு மனு தர முடியுமா? நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

அன்புடன்,
கோபிநாத்

*

வடகரப்பதி
13 ஜூன் 2025

கோபிநாத் தம்பிக்கு ராசம்மாள் எழுதறது. இங்க எல்லாரும் நல்லாருக்கோமுங்க. கடலை போட்டாச்சு, மழையத்தான் காணோம்.

நீங்க செய்தி எடுக்க வந்த அன்னிக்கு நல்ல மழைங்க. நீங்க ஜீப்பை விட்டு எறங்கலை. நாந்தான் குடையப் புடிச்சுட்டு வந்து சொன்னேன்: “தம்பி, வெடிச்சது மேல பூசின சிமெண்டுங்க. உள்ள சுண்ணாம்புச் செவுரு கல்லாட்டம் இருக்குது. வந்து ஆணியில சொரண்டிப் பாருங்க.” சரிங்கக்கான்னு சொல்லி, உக்காந்த எடத்துலயே போட்டோ எடுத்துட்டுப் போனீங்க. வில்லேஜ் ஆபீசருக்கு ஆபீஸை ரோட்டோர மாடிக்கு மாத்தணும்னு ஆசை. அவர் சொன்னது பேப்பர்ல வந்துது. பயந்த ஊழியர் யாருங்க, நானுங்களா?

அடுத்த மாசம் ஆபீஸ் வாடகை மாடிக்குப் போச்சு. அங்க கூட்டறதுக்கு மாடிச் சொந்தக்காரங்களே ஆள் வெச்சிருக்காங்க. என்னை வர வேண்டாம்னுட்டாங்க. இதை உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் போனை எடுக்கலை. மனுவை இதோட வெச்சிருக்கேன். கட்டடம் என்ன பாவம் பண்ணுச்சு?

இப்படிக்கு,
ராசம்மாள்

*

பாலக்காடு
17 ஜூன் 2025

அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஜீப்பை விட்டு இறங்காதது எனக்கு நினைவிருந்தது. முதல் கடிதத்தில் அதை எழுதாமல் விட்டதும் தெரிந்தேதான். உங்கள் வேலை போனது எனக்குத் தெரியாது என்று எழுதி அடித்துவிட்டேன். ஆறு வருடம் நான் கேட்கவில்லை என்பதே சரி.

‘உள்ளே போய்ப் பார்க்காமல் எழுதினேன்; பார்த்துச் சொன்னவரின் பேச்சை விட்டுவிட்டேன்’ என்று கையெழுத்திட்டு, உங்கள் மனுவோடு இன்று கலெக்டர் ஆபீஸில் கொடுத்தேன். ரசீது தந்தார்கள். திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை; மனுவைப் பார்த்து ஆய்வுக்கு மட்டும் நாள் குறித்தார்கள். 24-ஆம் தேதி செவ்வாய் காலை பத்தரைக்குப் பொறியாளர் வந்து பூச்சை உடைத்துச் சுவரைப் பார்ப்பார். மழையானால் 26. உங்கள் வேலை பற்றி யாரும் உறுதி சொல்லவில்லை.

மழை பெய்தாலும் நான் 24-ஆம் தேதி ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். பழைய ஆபீஸ் வாசலிலிருந்து போனில் கூப்பிடுவேன். நீங்கள் போனை எடுப்பீர்களா என்பது அன்றுதான் தெரியும்.

கோபிநாத்